வீட்டு ஆர்.ஓ.: தண்ணீருக்குத் தக்க பராமரிப்பு

மூன்று வருடம் உழைக்க வேண்டிய ஆர்.ஓ. மெம்ப்ரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) எங்கள் வீட்டில் ஐந்தே மாதத்தில் போய்விட்டது. சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறும். பார்க்க வந்த சர்வீஸ் தம்பி மெஷின் மூடியைக் கழற்றி, இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுக் காட்டினார். உள்ளே போகும் தண்ணீரில் 1,140. வடிந்து வரும் தண்ணீரில் 410. “உங்க ஏரியா தண்ணி அப்படிக்கா, மெம்ப்ரேனை மாத்திடலாம்” என்றார். மாற்றினோம். ஆனால் அதே தொட்டித் தண்ணீரைக் குடிக்கும் எதிர் வீட்டு மாமியின் மெஷினில், கிட்டத்தட்ட அதே வயதுள்ள மெம்ப்ரேன், 62 காட்டியது. ஏரியா தண்ணீர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த மெஷினைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தேன். கழற்றிப் போட்ட பாகங்களை வெட்டிப் பார்த்தேன். எனக்குப் பட்டது இதுதான்: மெஷினோடு வரும் சர்வீஸ் அட்டை மாதக் கணக்கில் பேசுகிறது, மெஷினோ தண்ணீர்க் கணக்கில் தேய்கிறது. தன் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால்தான் எதை எப்போது மாற்றுவது என்று சொல்ல முடியும்.

முதலில், மெஷின் வேண்டுமா என்ற கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்றே உத்தரவிட்டது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவது, ஏற்கெனவே மென்மையான தண்ணீரைப் பிழிந்து பெரும்பகுதியைச் சாக்கடையில் விடும் வேலை. அங்கே கிருமிக்கு யூ.வி. விளக்கோ கொதிக்க வைப்பதோ போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டின் நிலை வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த ஃபுளோரைடை மனத்தில் வைத்துத்தான் வந்தது. காவிரித் தண்ணீர் எட்டாத வீட்டில் ஆர்.ஓ. பல்லையும் எலும்பையும் காக்கும் கருவி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதிலிருந்து உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. பூச்சிமருந்து தெரியாது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஆர்சனிக்கை நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்புக்கு நடுவே அது காட்டாது. மெஷின் விற்க வருகிறவர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் செம்மண் குழம்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தச் செம்பழுப்பு, கம்பியில் உள்ள இரும்பு கரைந்து வருவது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விட்டால் அதுவும் குழம்பாகும். உண்மையில் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் எல்லாம் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. போர் தண்ணீர் குடிக்கும் குடும்பம் மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு தடவையாவது ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பின்னால் எடுக்கும் எல்லா முடிவுக்கும் அந்தக் காகிதம் கை கொடுக்கும்.

இனி மெஷினுக்குள் நடப்பது. மாவடு போடும் எவருக்கும் சவ்வூடு பரவல் தெரியும். உப்பில் போட்ட வடு இரண்டு நாளில் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். தோல் வழியாகத் தண்ணீர் உப்பு மிகுந்த பக்கம் இழுபடுகிறது. இதைத் திருப்பி, உப்புப் பக்கம் பம்பு வைத்து அழுத்தினால் தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். ஆர்.ஓ. என்பது இதுதான். இதைத் தொழிலாக்கும் அளவுக்கு வேகமாக நீர் விடும் சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டியவர்கள் இருவர்: சிட்னி லோப், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கியவர். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் அவருடைய வேலையும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கிடைத்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே முறைதான். கடல்நீருக்கு 50, 60 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தேவை. வீட்டுப் பம்பு கொடுப்பது நாலிலிருந்து ஏழு வரை.

லோபும் சௌரிராஜனும் செய்தது செல்லுலோஸ் அசிடேட் சவ்வு. பின்னால் வந்த பாலிஅமைடு சவ்வு உப்பை இன்னும் நன்றாகத் தடுத்தது, குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்தது. ஒரே ஒரு பலவீனம்: குளோரின் பட்டால் சிதையும். பழைய சவ்வு ஓரளவு குளோரினைத் தாங்கும், இது தாங்காது. இன்றைக்கு வீட்டு மெஷின்களில் இருப்பது பாலிஅமைடுதான். அதனால்தான் மெம்ப்ரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் நிற்கிறது. அதற்கும் முன்னால் மண்ணையும் துருவையும் பிடிக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை ஸ்பன் கேண்டில். கார்பன் பெரும்பாலும் கொட்டாங்குச்சிக் கரியைப் பதப்படுத்தியது. அதன் நுண்துளைகள் குளோரினை மடக்கிவிடும். துளைகள் தீர்ந்துபோன கரி, கரியாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

எங்கள் மெம்ப்ரேன் செத்த கதை இந்த இடத்தில் எனக்கு விளங்கியது. அதற்கு முந்தைய சர்வீஸில் விலை கூடிய மெம்ப்ரேனை மாற்றிய ஆள், விலை குறைந்த கார்பனை ஒன்றரை வருடமாக அப்படியே விட்டிருந்தார். இடையில் குடியிருப்பில் சம்ப் கழுவினார்கள். ப்ளீச்சிங் பவுடர் வாடை ஒரு வாரம் குளியலறை முழுக்க இருந்தது. கோடையில் வந்த லாரித் தண்ணீரிலும் அதே வாடை. அத்தனையும் தீர்ந்துபோன கரியைத் தாண்டி நேராக மெம்ப்ரேனில் போய் விழுந்திருக்கிறது. மாமி வீட்டில் சம்ப் கழுவுவதற்கு முந்தைய மாதம்தான் கார்பன் மாற்றியிருந்தார்கள்.

இதில் நான் கவனிக்காமல் விட்ட அறிகுறி ஒன்று உண்டு. அந்த ஐந்து மாதத்தில் மெஷின் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தொட்டியை நிரப்பியது. புது மெம்ப்ரேன் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சவ்வு ஓட்டையாகிக்கொண்டிருந்தது. கழற்றியதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். சுருட்டி வைத்த கோரைப்பாய் மாதிரி நடுக்குழாயைச் சுற்றி வெள்ளைத் தாள்களும் வலைகளும். எல்லாம் புதிது போலச் சுத்தமாக இருந்தன. ஒட்டியது எதுவும் இல்லை.

குரோம்பேட்டையில் என் அக்கா வீட்டு மெம்ப்ரேன் கெட்டபோது அதையும் வாங்கி வந்து அறுத்தேன். அந்த வீட்டுக்குப் போர் தண்ணீர் மட்டும்தான், டி.டி.எஸ். 1,500. தாள்களைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது. எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு. அந்த வீட்டில் மெஷின் ஒரு லிட்டர் வடிக்க எடுத்த நேரம் மாதா மாதம் நீண்டுகொண்டே போயிருக்கிறது, டி.டி.எஸ். ரொம்ப நாள் குறைவாகவே இருந்திருக்கிறது. ஒரே பொருள், இரண்டு விதமான சாவு. குளோரின் பட்டால் தண்ணீர் வேகமாக வரும், உப்பும் கூடவே வரும். சுண்ணாம்பு படிந்தால் தண்ணீர் குறையும், உப்பு கடைசியில்தான் ஏறும். ஸ்பன் அடைத்தாலும் தண்ணீர் குறையும், ஆனால் பம்பு சத்தம் மாறி முனகும், வெளியே தொங்கும் ஃபில்டர் கிண்ணத்தில் கேண்டில் காபிப் பொடி நிறத்தில் தெரியும். இதை மாற்ற ஐந்து நிமிடம் போதும், எல்லோருமே வீட்டில் செய்யலாம்.

ஆகவே இரண்டே அளவு போதும்: ஒரு லிட்டர் நிரம்ப ஆகும் நேரமும், மெம்ப்ரேன் எத்தனை விழுக்காடு உப்பைத் தடுக்கிறது என்பதும். மெம்ப்ரேன் புதிதாக இருக்கும் நாளிலேயே இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். நாளுக்கு 80 கேலன் வடிக்கும் மெம்ப்ரேன் என்றால் காகிதக் கணக்கில் மணிக்கு 12 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது லிட்டருக்கு ஐந்து நிமிடத்துக்குள். எங்கள் வீட்டில் ஐந்தரை ஆனது. தடுப்பைக் கணக்கிட, உள்ளே போகும் எண்ணிலிருந்து வெளிவரும் எண்ணைக் கழித்து, உள்ளே போகும் எண்ணால் வகுக்க வேண்டும். 1,140 போய் 60 வந்தால் 95 விழுக்காடு. எங்கள் செத்த மெம்ப்ரேன் 64 விழுக்காட்டில் நின்றது. நான் 80-ஐ எல்லையாக வைத்திருக்கிறேன். ஃபுளோரைடு உள்ள ஊரில் இருந்தால் 90-க்குக் கீழே போகவே விட மாட்டேன். காலையில் பிடிக்கும் முதல் டம்ளரை அளக்கக் கூடாது. மெஷின் சும்மா நின்ற நேரத்தில் சவ்வின் இரு பக்கமும் உப்பு சமமாகப் பரவிக்கொண்டிருக்கும், முதல் டம்ளரில் எண் ஏறித்தான் இருக்கும். பத்து நிமிடம் ஓடிய பிறகு பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலான மெஷின்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சிறு திருகு இருக்கிறது. வடிந்த தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதற்காக மெம்ப்ரேனைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை அது மறுபடி கலக்கிறது. பத்தில் ஒரு பங்கு கலந்தால் எங்கள் வீட்டு 60, 168 ஆகிவிடும். திருகைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயில் அளந்தால் நல்ல மெம்ப்ரேனும் கெட்டதாகத் தெரியும். அதனால் மெம்ப்ரேனிலிருந்து வரும் சின்னக் குழாயைக் கழற்றி அங்கேயே பிடித்து அளக்கச் சொல்ல வேண்டும். இந்தத் திருகைப் பற்றி எனக்கு வேறொரு கவலையும் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தை மட்டும் தேர்ந்து கலப்பதில்லை. லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 0.8 மில்லிகிராம் அப்படியே திரும்பி வருகிறது. காசு கொடுத்து நீக்கியதை ஒரு திருகு உள்ளே விடுகிறது. ஆய்வக அறிக்கையில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டியிருந்தால் அந்தத் திருகை முழுக்க மூடிவிட வேண்டும்.

அப்படியானால் உப்பற்ற தண்ணீர் உடம்புக்கு ஆகுமா? உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், கால்சியமும் மெக்னீசியமும் அறவே இல்லாத நீரை நெடுங்காலம் குடிப்பது, அதில் சமைப்பது பற்றிய எச்சரிக்கை உண்டு. அந்த நீரில் வேகும் காய்கறியிலிருந்து சத்துகள் நீருக்குள் இறங்கிவிடும் என்பதும் அதில் வருகிறது. எங்கள் வீட்டில் காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, குழம்பிலோ ரசத்திலோ சேர்த்துவிடுவோம். கேழ்வரகு, கீரை, தயிர், எள் என்று சாப்பிடும் வீட்டுக்கு இது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. பாலும் கீரையும் எட்டாத வீட்டில் யோசிக்க வேண்டியதுதான். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது இன்னொரு பக்கம். சுண்ணாம்பு பருப்பை இறுக்கிவிடுகிறது. கேஸ் அடுப்பின் முன் நிற்கிறவர்களுக்கு இந்த ஒன்றே ஆர்.ஓ. வாங்கப் போதுமான காரணம்.

இனி வேஸ்ட் தண்ணீர். இதில்தான் அக்கா வீட்டு மெம்ப்ரேனின் மர்மமும் இருக்கிறது. சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் எடுத்தால் 45 லிட்டர் போகிறது. வருடத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல். ஒரு பெரிய டேங்கர் லாரி கொள்வது 12,000. 2019 கோடையில் குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. மனம் கேட்காமல் அக்கா ஒரு உள்ளூர் மெக்கானிக்கிடம் சொல்லி, வேஸ்ட் பைப்பில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைச் சிறியதாக மாற்றிவிட்டாள். வெளியே போகும் தண்ணீர் குறைந்தது. உப்பு எங்கே போகும்? நாலில் ஒரு பங்கை வடித்தால் 1,500 டி.டி.எஸ். தண்ணீர் வெளியேறும்போது 2,000 ஆகிறது. அறுபது விழுக்காட்டை வடித்தால் 3,750. அவ்வளவு செறிந்த தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து நிற்க முடியாமல் சவ்வின் மேலேயே படிகிறது. பசுமைத் தீர்ப்பாயம் 60 விழுக்காடு மீட்க வேண்டும், பிறகு 75-ஐ நோக்கிப் போக வேண்டும் என்றது நியாயமான இலக்குதான். ஆனால் கடினத் தண்ணீரில் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் ரெஸ்ட்ரிக்டரை மட்டும் மாற்றினால் தண்ணீரில் மிச்சம் பிடித்ததை மெம்ப்ரேனில் இழப்போம். கடினத்தன்மையை இறக்க சாஃப்ட்னரோ, சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஆன்ட்டிஸ்கேலன்ட் உருண்டைகளோ முன்னால் இருந்தால்தான் அது கூடும்.

வெளியேறும் தண்ணீரை எங்கள் வீட்டில் ஒரு டிரம்மில் பிடித்து, கழிவறைக்கும் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கும் வைத்துக்கொள்கிறோம். தரை துடைத்தால் கறுப்பு டைல்ஸில் வெள்ளைத் திட்டு விழும். தொட்டிச் செடிக்கு விட்டுப் பார்த்தேன், ஒரு மாதத்தில் கறிவேப்பிலை இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மண்ணில் ஊன்றிய தென்னை ஓரளவு தாங்கும். மழைநீர்க் குழியில் மட்டும் விடவே கூடாது. சில குடியிருப்புகளில் நல்ல எண்ணத்தோடு அப்படிக் குழாய் போட்டிருக்கிறார்கள். மழையால் இனிக்க வேண்டிய நிலத்தடி நீரில் உப்பைத் திருப்பி ஊற்றுவதாகவே அது முடியும். வேறொன்று: இரவில் தொட்டி நிரம்பி மெஷின் நின்ற பிறகு வேஸ்ட் பைப்பைப் பாருங்கள். அப்போதும் ஒழுகினால், தண்ணீரை நிறுத்தும் சோலனாய்டு வால்வு சரியாக மூடவில்லை. நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகினாலும் நாளுக்கு 144 லிட்டர் வீண்.

தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளோரினை எடுத்துவிட்ட தண்ணீருக்குக் காவல் கிடையாது. வடிந்து அது ஏழெட்டு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கிறது. எங்கள் தொட்டியின் உள்சுவரை ஒருநாள் விரலால் தடவினேன், வழுவழுவென்று வந்தது. டி.டி.எஸ். அன்றும் 60தான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, தொட்டியை வடித்து, சுத்தமான துணியால் துடைத்து, இரண்டு தடவை நிரப்பிக் கொட்டுகிறேன். குடிநீர்க் குழாயின் வாயையும் தேய்க்கிறேன். ஈரக்கை அதிகம் படும் இடம் அது. யூ.வி. விளக்கு இருக்கும் மெஷினில், விளக்கு நீலமாக எரிவதை வைத்து நம்பக் கூடாது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் மணி நேரம் எரிந்த பிறகு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்திருக்கும். ஊருக்குப் போகும்போது தொட்டியை வடித்து, வால்வை மூடிவிட்டுப் போகிறோம். வந்ததும் முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிப்பதில்லை. மெம்ப்ரேனைக் கழற்றி உலர வைக்கக் கூடாது, ஒருமுறை நனைந்த சவ்வு காய்ந்தால் கெட்டுவிடும்.

சர்வீஸுக்கு வரும் பையன்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்குகிறார்கள். எண்ணைச் சொல்லிக் கேட்டால் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். “மாத்தணுமா தம்பி?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “போன தடவை தொண்ணூத்தஞ்சு இருந்தது, இப்போ எவ்வளவு வருது பாருங்க” என்கிறேன். கழற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். மெம்ப்ரேன் மாற்றும்போது கார்பனும் ஸ்பன்னும் கூடவே மாறியாக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்குகிறது. தேதி, உள்ளே, வெளியே, லிட்டருக்கு எத்தனை நிமிடம், என்ன மாற்றினோம் என்று ஐந்தே பத்திகள்.

போன மாதம் மறுபடி சம்ப் கழுவினார்கள். லிஃப்ட் அருகே ஒட்டிய அறிவிப்பில், மோட்டார் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதற்குக் கீழே மாமி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “ப்ளீச்சிங் வாடை போகும் வரை ஆர்.ஓ. வால்வை மூடி வைக்கவும்.” மூன்று நாள் மூடி வைத்தோம். நாலாம் நாள் திறந்து, பத்து நிமிடம் ஓட விட்டு அளந்தேன். உள்ளே 1,090. வெளியே 58.